அறுபதும் அறுபதும்

நீர்வளத் துறையின் துணைச் செயலாளரை அலுவலகத்தில் எல்லோரும் உப்பம்மா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால். அவருக்கும் அது தெரியும். ஆற்றில் உப்பு ஏறும் விவகாரம் அவருடைய மேசைக்கு வந்த பிறகு வேறு எந்த அதிகாரியும் அந்த ஃபைல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதனால் ஃபைல் அவரோடு ஒட்டிக்கொண்டது, பட்டப்பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது.

விவகாரம் ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. ஆறு கடலுக்குப் போகும் வழியில் கடைசியாக ஓர் ஊரைத் தொடுகிறது. அந்த ஊருக்குக் கொஞ்சம் மேலே, கரை மண்ணுக்கு அடியில் உப்புநீர் தேங்கிக் கிடக்கிறது. வயலுக்குப் பாய்ச்சுகிற தண்ணீர் கீழே இறங்க இறங்க, அந்த உப்புநீரை நெட்டி ஆற்றுக்குள் தள்ளுகிறது. என்ன செய்ய வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கரையோரம் வரிசையாக ஆழ்குழாய்க் கிணறு போட்டு, உப்புநீரை ஆற்றில் கலக்கும் முன்பே உறிஞ்சி, தொலைவில் பாத்தி கட்டிக் காயவிட வேண்டும். அது முடிகிற வரைக்கும் தாக்குப்பிடிக்க, உப்பு கசியும் இடத்துக்கு மேலேயிருந்து கடைசி ஊருக்கு ஒரு குடிநீர்க் குழாய் இழுக்க வேண்டும். செலவை மாநில அரசும் மத்திய அரசும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அங்கேதான் வண்டி நின்றுபோனது.

"ஆறு நாலு மாநிலத்துல ஓடுது, அதனால மத்திய அரசு நூற்றுக்கு அறுபது கொடுக்கட்டும், நாங்க நாற்பது" என்றது மாநிலம். "உப்பு உங்க மண்ணுலேருந்துதான் கசியுது, நீங்க அறுபது, நாங்க நாற்பது" என்றது மத்திய அரசு. நாற்பதும் நாற்பதும் எண்பது. மீதி இருபதுக்காகக் கூட்டத்துக்கு மேல் கூட்டமாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பிஸ்கட்டுக்கும் காப்பிக்கும் ஆன செலவில் நாலு கிணறாவது தோண்டியிருக்கலாம் என்று உப்பம்மாவே சொல்வதுண்டு.

மேசைக்கு எதிர்ப்பக்கம், மத்திய அரசின் சார்பில் எப்போதும் ஒரே மனிதர்தான் வருவார். மெல்லிய குரல், பிடி கொடுக்காத பேச்சு, தேய்த்த, மடிப்புக் கலையாத சட்டை. உப்பம்மாவுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல் வரும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இப்படி இருக்கையில் உப்பம்மாவின் மகன், வெளியூரில் படித்த இடத்தில் ஒரு பெண்ணைப் பிடித்திருப்பதாகச் சொன்னான். கல்யாணப் பேச்சுக்குப் பெண்ணின் அப்பா பழப்பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவைத் திறந்த உப்பம்மா, "நீங்களா?" என்றார். வந்தவரும் "நீங்களா?" என்றார். பழப்பையை யார் வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் அது கொஞ்ச நேரம் அவர் கையிலேயே தொங்கியது.

கல்யாணம் நடந்தது. சம்பந்திகள் ஆன கையோடு இருவரும் ஒரு விதி போட்டுக்கொண்டார்கள். உறவைத் தத்தம் அரசுக்கு எழுத்தில் தெரிவிப்பது. கூட்ட அறைக்கு வெளியே உப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இரண்டு அரசும் 'தகவல் குறித்துக்கொள்ளப்பட்டது' என்று பதில் போட்டுவிட்டு அவர்களையே தொடரச் சொல்லின. அந்த ஃபைலைப் படிக்க வேறு ஆள் கிடைத்தால்தானே? விதியை இருவரும் ஒழுங்காகக் காப்பாற்றினார்கள். உப்பம்மாவின் மகன்தான் கிண்டல் செய்துகொண்டே இருப்பான். "சாப்பாட்டுல உப்பு கூடக்குறைய இருந்தாலும் வாயத் திறக்காதீங்க. ரெண்டு கவர்ன்மென்ட்டும் உட்கார்ந்திருக்கு" என்பான்.

எல்லோரும் சிரிப்பார்கள், மருமகளைத் தவிர. காரணம் இருந்தது. மகனுக்கு வேலை கிடைத்தது அந்தக் கடைசி ஊர்ப் பள்ளிக்கூடத்தில். மருமகள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ். சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்கிற வேலை. அதற்குக் குடங்குடமாகச் சுத்தமான தண்ணீர் வேண்டும். ஆக அவள் வேலையே தண்ணீர்தான். அவளிடம் "வேலை எப்படிம்மா போகுது?" என்று கேட்டாலே அது ஃபைலில் போய் முட்டும். ஆகவே உப்பம்மா கேட்பதில்லை. குழந்தை எப்படி இருக்கிறாள், மழை பெய்ததா, சேலை நன்றாக இருக்கிறதே, இவ்வளவுதான் மாமியார் மருமகள் பேச்சு. மருமகள் மேல் அவருக்குப் பாசம் இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. அதைக் காட்டுவதற்கான வாசல்களையெல்லாம் அவரே நேர்மையின் பேரில் அடைத்து வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்க இரண்டு சம்பந்திகளும் வந்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"விதி எனக்குத் தெரியும். நான் உங்க ஃபைலைப் பத்திப் பேசல. என் வேலையைப் பத்திப் பேசறேன்" என்றாள். "தண்ணியைச் சுத்தம் பண்ற மெஷின்ல ஃபில்டரை மாத்தி மாத்தி முடியல. ரெண்டு வருஷம் வரவேண்டியது ஆறு மாசத்துல உப்புப் பூத்து அடைச்சுக்குது. ஆஸ்பத்திரி நிர்வாகம் எங்க பிரிவை மூடிட்டு சிட்டிக்கு மாத்தப் போகுது. வருஷக் கடைசி வரைக்கும் பார்ப்போம்னு சொல்லியிருக்காங்க. இங்க வர்றவங்க எல்லாம் வாரத்துக்கு மூணு தடவை பஸ்ல போய்ட்டு வரணும். அதுல பாதிப் பேருக்குப் பஸ் படி ஏறவே முடியாது. ஒரு தையல்காரர் இருக்கார், 'நான் அங்கல்லாம் வரமாட்டேன் சிஸ்டர், இதோட விட்டுடறேன்'ங்கறார். விட்டுடறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

சம்பந்தி தண்ணீர் குடித்தார். உப்பம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். மகன்தான் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினான். மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும்போது அவள் முகம் கழுவியிருந்தாள்.

அன்று ரயிலில் திரும்பும்போது உப்பம்மா அந்த ஃபைலை மனசுக்குள் முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தார். மறுநாளே அமைச்சரைப் போய்ப் பார்த்தார்.

"நாமளே அறுபது கொடுத்துடலாம் சார்."

அமைச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நாம தோத்துட்டோம்னு ஆகாதா?"

"ஆகும் சார்."

இப்படி நேராக ஒப்புக்கொள்ளும் அதிகாரியை அமைச்சர் அதுவரை பார்த்ததில்லை. அதன் பிறகு உப்பம்மா நிதித் துறைக்கும் அமைச்சரவைக்கும் நடையாய் நடந்து, கெஞ்ச வேண்டிய இடத்தில் கெஞ்சி, முறைக்க வேண்டிய இடத்தில் முறைத்து, ஒருவழியாக அரசாணையை வாங்கினார். மாநிலம் அறுபது, மீதி நாற்பது மத்திய அரசு. சம்பந்தியிடம் மூச்சு விடவில்லை. விதி என்றால் விதிதான்.

இந்தக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் வாய் திறந்தாலும் மற்றவர் அதற்கு மேல் பேரம் பேசுவார் என்று, இரு தரப்பும் தங்கள் ஆணையை ஒட்டிய உறையில் கொண்டுவந்து ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும். அன்றும் பிரித்தார்கள். உப்பம்மாவின் உறையில் அறுபது இருந்தது. சம்பந்தியின் உறையிலும் அறுபது இருந்தது.

மாநிலத்துக் கணக்கு அதிகாரி கால்குலேட்டரை எடுத்து இரண்டு அறுபதையும் கூட்டிப் பார்த்தார். நூற்றிருபதுதான் வந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு எல்லோருமே சிரித்துவிட்டார்கள். வருஷக்கணக்காக முறுக்கிக்கொண்டு நின்றவர்கள் ஒரே நாளில், ஒருவருக்கொருவர் தெரியாமல், விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். சம்பந்திகள் இருவர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கினால் அடுத்து என்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

"ரெண்டு ஆணையும் செல்லாதே மேடம்" என்றார் கணக்கு அதிகாரி. "மீதி நாற்பதை அவங்க கொடுக்கணும்னுதான் ரெண்டுலயும் இருக்கு. ஒருத்தராவது திருத்தணும். அவங்களே அறுபது கொடுக்கறாங்கன்னு தெரிஞ்சா நம்ம நிதித் துறை இன்னிக்கே நாற்பதாக்கச் சொல்லிடும்." எதிர்வரிசையில் அவருடைய ஜோடி, மத்திய அரசின் கணக்கு அதிகாரி, அதையே தன் மேலிடத்துக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

உப்பம்மா மனசுக்குள் கணக்குப் போட்டார். இவர்களும் குறைப்பார்கள், அவர்களும் குறைப்பார்கள். மறுபடி நாற்பதும் நாற்பதும் எண்பது. இன்னொரு வருஷம், இன்னொரு மூட்டை பிஸ்கட். அதற்குள் ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவைப் பூட்டிவிடுவார்கள்.

"எல்லாரும் காப்பி சாப்பிட்டுட்டு வாங்க" என்றார். எல்லோரும் வெளியே போனார்கள். சம்பந்தியும் எழுந்தார்.

"நீங்க இருங்க சம்பந்தி. ரூமுக்குள்ளதானே இருக்கோம், விதிப்படி பேசலாம்."

அவர் உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத சட்டைக்குள் மனிதர் கலைந்துபோயிருந்தார்.

"நீங்க எதுக்கு அறுபது போட்டீங்க?" என்று உப்பம்மா கேட்டார்.

"அன்னைக்குச் சாப்பிடறப்போ அவ சொன்னது உங்க காதுல விழலையா?"

"விழுந்துது. அதான் நானும் போட்டேன். நீங்க பாட்டுக்குத் தண்ணியக் குடிச்சீங்களே?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க, அழவா? நீங்களும்தான் தட்டை விட்டு நிமிரல." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, நான் அறுபதுலயே நிக்கறேன். நீங்க போய்க் குறைச்சுக்குங்க. அவ என் பொண்ணு."

"என் வீட்டுக்கு வந்தவ, எனக்கு யாராம்?"

"யார் நிக்கறாங்களோ அவங்க தலையிலதான் விடியும் சம்பந்தி. அரசாங்கப் பணத்தைச் சொந்தக்காரங்களுக்காக விட்டுக்கொடுத்தாங்கன்னு பேசுவாங்க."

"உங்களுக்கு இன்னும் சர்வீஸ் கிடக்கு, பிரமோஷன் வேற வரப்போகுது. நான் வர்ற வருஷம் வீட்டுக்குப் போறவ. என்னை என்ன பண்ணிடுவாங்க?"

"பேரு போயிடுமே."

உப்பம்மா சேர்த்து வைத்திருந்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான். ஒரு காப்பிக்குக்கூட யாரிடமும் கை நீட்டாத உத்தியோகம். அது போனால் வலிக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது, இப்போதே வலித்தது.

"போகட்டும்" என்றார். "நீங்க ஓடிப்போய் உங்க ஆணையை நாற்பதாக்குங்க. உங்க திருத்தம் வர்ற வரைக்கும் எங்க ஃபைலை நான் நொண்ட வெக்கறேன்."

மறுநாள் நிதித் துறையிலிருந்து, அரசாணையை நாற்பதாகத் திருத்தி அனுப்பச் சொல்லி ஃபைல் வந்தது. உப்பம்மாவின் மேசையில் எந்த ஃபைலும் ஓர் இரவு தங்கியதில்லை என்பது அந்தக் கட்டடம் முழுக்கப் பிரசித்தம். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஃபைலைக் கிடப்பில் போட்டார். அதற்கும் ஒரு திறமை வேண்டும் என்பது போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முதலில் பக்க எண் போடவில்லை என்று திருப்பி அனுப்பினார். போட்டு வந்ததும், வரைபடம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது, கலரில் வேண்டும் என்றார். கலர் மெஷின் ரிப்பேர் என்றார்கள். "அவசரமில்ல, ரிப்பேர் பண்ணிட்டே எடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து 'அவசரமில்ல' என்ற சொல்லைக் கேட்ட பிரிவு எழுத்தர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். நிதித் துறையிலிருந்து போன் வந்தால், "நகருது சார், நகருது" என்றார்.

பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொல்வது கொடுமை. அந்தப் பக்கம் சம்பந்தி ஓட்டமாய் ஓடினார். மத்திய அரசின் திருத்தம் வந்து சேர்ந்தது: மத்திய அரசு நாற்பது, மாநிலம் அறுபது. இரண்டு ஆணையும் பொருந்திவிட்டன. கையெழுத்தும் ஆயிற்று. குழாய் வரும் வரை ஆஸ்பத்திரிக்கு லாரியில் நல்ல தண்ணீர் கொடுப்பதென்று முடிவாகி, டயாலிசிஸ் பிரிவை மாற்றும் யோசனையை நிர்வாகம் கைவிட்டது. கலர் மெஷின் அதற்கடுத்த நாள் சரியானது.

நிதித் துறைச் செயலாளர் உப்பம்மாவை அறைக்கு அழைத்தார். அவரைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மேடம், சுத்தி வளைக்காமக் கேட்கறேன். அவங்களும் அறுபது தர்றாங்கன்னு தெரிஞ்ச பிறகு நம்ம ஃபைல் மட்டும் ஏன் படுத்துக்கிச்சு?"

"நான்தான் படுக்க வெச்சேன் சார்."

ஏதாவது பூசி மெழுகுவார் என்று எதிர்பார்த்திருந்த செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குறைச்சிருந்தா பழையபடி எண்பதுல போய் நின்னிருப்போம் சார். யாராவது ஒருத்தர் நகராம இருக்கணும்."

"அதை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, அவங்க நிக்கட்டும், நாம குறைப்போம்னு சொல்லியிருப்பீங்க. அவங்க நிதித் துறையும் அதையேதான் சொல்லியிருக்கும்."

செயலாளர் மறுக்கவில்லை. "எதிர்ப்பக்கம் இருக்கறவர் உங்க சம்பந்தி. நாளைக்கு யாராவது கேட்டா நான் பதில் சொல்லணும். அதனால கேட்கறேன், தப்பா நினைக்காதீங்க. உறவுக்காகப் பண்ணினீங்களா?"

இல்லை என்று சொல்ல உப்பம்மாவுக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஒரு பைசா அவருக்கோ மகனுக்கோ போகவில்லை. இல்லை என்று சொன்னால் இவர் நம்பவும் செய்வார்.

"ஆமா சார்" என்றார். "அந்த ஊர்ல எனக்கு ஒரு மருமக இருக்கா. தினமும் அந்தத் தண்ணியோட மல்லுக்கட்டறா. அவ சொல்லித்தான் எனக்கு உறைச்சுது. இந்தக் கட்டடத்துல வேற யாருக்கும் அங்க சொந்தம்னு ஒருத்தரும் இல்ல. அதான் சார் இத்தனை வருஷம் இழுத்துது. எனக்கு இருந்தும், இல்லாத மாதிரிதான் நானும் இருந்தேன்."

செயலாளர் பேனாவை மூடிப் பையில் செருகினார். பிறகு, "நீங்க போகலாம் மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை.

கையெழுத்தான ஒப்பந்தத்தை யாரும் தொட முடியாது. உப்பம்மாவைத் தொட முடியும். அந்த வாரமே உப்பு ஃபைல் வேறொருவருக்குப் போயிற்று. அவரைப் பழைய கட்டடங்கள் பராமரிப்புக் குழுவுக்கு மாற்றினார்கள். அந்தக் குழு கூடி யாரும் பார்த்ததில்லை. நடைபாதையில் எதிரே வந்தவர்கள் திடீரென்று போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். "சம்பந்திக்குச் சீர் செஞ்சுட்டாங்கப்பா" என்று ஒருவர் சொன்னது மாடிப்படியில் அவர் காதிலேயே விழுந்தது. கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, புது அறைக்குப் போனார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பின்பக்கச் சுவரைப் பார்த்த ஜன்னல். மேசையில் ஒரு ஃபைல்கூட இல்லை.

மருமகளின் எண்ணைத் தேடி அழைத்தார்.

"சொல்லுங்க அத்தை. அவர் இன்னும் ஸ்கூல்ல இருப்பார். போன் எடுக்கலையா?" என்றாள் அவள். அத்தை கூப்பிட்டால் மகனுக்காகத்தான் இருக்கும் என்று அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

"உன்கிட்டதான்ம்மா பேசணும். அந்த ஃபைல் இனிமே என்கிட்ட இல்ல."

"தெரியும். அப்பா எல்லாத்தையும் சொன்னார்."

விதியைச் சம்பந்தி முந்திக்கொண்டு உடைத்துவிட்டார். உப்பம்மாவுக்கு இந்த முறை அவர் மேல் எரிச்சல் வரவில்லை.

"அப்ப நான் என்ன வேணும்னாலும் கேட்கலாம்" என்றார். "வேலை எப்படிம்மா போகுது?"

அந்தப் பக்கம் ஏதோ ஒரு இயந்திரம் சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"சொல்றேன் அத்தை. நிறைய இருக்கு, சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நீங்க பண்ணினது சின்ன விஷயம் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்கு உங்க மேல கோபம். அன்னைக்கு நான் அவ்வளவு சொன்னேன். ஒரு தடவை என் மூஞ்சியப் பார்த்திருக்கலாம் நீங்க. எனக்கு ஃபைல் வேணாம், திட்டம் வேணாம், பார்த்திருந்தாப் போதும். கல்யாணம் ஆன நாள்லேருந்து, இந்த வீட்டுல நான் என்ன வேலை பார்க்கறேன்னு கேட்க ஆளே இல்லையான்னு இருந்துது எனக்கு. அந்தக் கோபம் இன்னும் போகல அத்தை."

"போக வேணாம்மா" என்றார் உப்பம்மா. "சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அந்த அறைக்கு அவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை. உப்பம்மா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.